இழந்ததை மீட்கும் அவசரம்

விடுமுறைக்குத் திருப்பனந்தாள் வந்த என் பேரன், நண்பர்களுடன் கைப்பேசியில் போர்த்தந்திர விளையாட்டு ஆடினான். படை திரட்டும் முன்பே தாக்கியதால் அவனது அணி தோற்றது. இழந்ததை உடனே மீட்க மறுபடியும் பாய்ந்தான், மீண்டும் தோல்வி. 'அவசரப்பட்டுவிட்டேன், தாத்தா' என்று வருந்தினான்.

திரும்பப் பெற முடியாத செலவைப் பொருளியலில் 'மூழ்கிய செலவு' என்போம். அடுத்த முடிவை அது தீர்மானிக்கக் கூடாது. ஆனால், அதை ஈடுகட்டும் துடிப்புதான் முதல் பிழையைவிடப் பெரிய பிழைக்கு இட்டுச் செல்கிறது. பங்குச் சந்தையில் பலர் கைப்பொருளை இழப்பதும் இவ்வாறே.

2022-இல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடின் 10-ஆவது சுற்றில், வெற்றி வாய்ப்பிருந்த ஆட்டத்தை 16 வயது குகேஷ் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் இழந்தார். போட்டி 2-2 எனச் சமனானது. அவரது அணிக்கு இறுதியில் வெண்கலமே கிட்டியது. ஒருவரின் பிழைக்கு அணி முழுவதும் விலை கொடுக்கிறது. எனினும், 2024-இல் புடாபெஸ்டில் முதல் பலகையில் தோல்வியே காணாமல் ஆடினார். இந்தியா தங்கம் வென்றது.

வருத்தம் வீணன்று. தோற்றவுடன் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதில்லை என்ற கட்டுப்பாடாக மாறினால், அச்செலவும் முதலீடாகும். 'அடுத்த ஆட்டம் நாளைதான்' என்றேன். முகம் சுளித்தாலும், பேரன் ஒப்புக்கொண்டான்.