மண்டையோடும் புகைப்படமும் பொருந்தினால் போதுமா?

2001 அக்டோபர் 31 அன்று, கொடைக்கானல் டைகர் சோலையில் ஓர் ஆணின் உடல் கிடப்பதை வனத்துறையினர் பார்த்தார்கள். யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. போலீஸார் வழக்குப் பதிந்து படம் எடுத்தார்கள். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார் என்றது பிரேதப் பரிசோதனை. உரிமை கோரி யாரும் வராததால் உடலைக் கொடைக்கானலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அவர் சென்னையில் கடத்தப்பட்ட பிரின்ஸ் சாந்தகுமார் என்பது பிறகுதான் தெரியவந்தது. சரவண பவன் நிறுவனர் பி. ராஜகோபாலுக்கு ஆயுள் தண்டனை பெற்றுத் தந்த வழக்கு இது.

வழக்கின் முன்கதையைத் தமிழ்நாடு அறியும். அதிகம் பேசப்படாத ஒரு கேள்வி உண்டு. மண்ணுக்குள் போய்விட்ட உடல் இன்னாருடையதுதான் என்று நீதிமன்றம் எதை வைத்து முடிவு செய்தது?

போலீஸார் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்து, இவர்தான் என்று சாந்தகுமாரின் மனைவி அடையாளம் சொன்னார். விசாரணை அதோடு நிற்கவில்லை. உடல் தோண்டியெடுக்கப்பட்டு, மண்டையோடு தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே நடந்தது ‘சூப்பர் இம்போசிஷன்’ சோதனை.

உயிரோடு இருந்தபோது எடுத்த முகப் படத்தையும் மண்டையோட்டின் படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பதுதான் இது. முதலில் நெகட்டிவ்களை வைத்துச் செய்தார்கள். பிறகு வீடியோ கேமராவும் மிக்ஸரும் வந்தன, இப்போது கணினி. கருவி எதுவானாலும் கஷ்டம் ஒன்றுதான்: படத்தில் தலை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதே கோணத்தில் மண்டையோட்டையும் நிறுத்த வேண்டும். அதன்பிறகு கண்குழிக்குள் கண் சரியாக அமைகிறதா, மூக்கின் வேர் எங்கே விழுகிறது, நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் எலும்புக்கு மேலே தசைக்கு வேண்டிய இடம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சிரித்தபடி எடுத்த படம் கிடைத்தால் பெரிய உதவி. முகத்தில் தெரிவதும் மண்டையோட்டில் மிஞ்சுவதும் ஒன்றாகவே இருப்பது பல் மட்டும்தான்.

இந்த முறைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த வழக்கின் குற்றவாளி, பம்பாயில் பிறந்த ஒரு பார்சி மருத்துவர். இங்கிலாந்தின் லங்காஸ்டரில் தொழில் செய்த பக் ரக்ஸ்டன், 1935-ல் மனைவி இசபெல்லாவையும் பணிப்பெண்ணையும் கொன்று, உடல்களைத் துண்டாக்கி, ஸ்காட்லாந்தின் மோஃபட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் வீசினார். பேராசிரியர்கள் கிளைஸ்டரும் பிராஷும் மண்டையோட்டை இசபெல்லாவின் படத்தோடு பொருத்தினார்கள். படத்தில் அவர் தலையில் அணிந்திருந்த அணியின் உண்மையான அளவை வைத்தே முகத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். ஆனால் போலீஸை லங்காஸ்டருக்கு இழுத்து வந்தது வேறு ஒன்று. துண்டுகளைச் சுற்றியிருந்த ‘சண்டே கிராஃபிக்’ தாள், லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டும் விற்ற சிறப்புப் பதிப்பு. இந்தப் பதிப்பு எங்கே விற்றது என்று கேட்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் போயிருந்தால், பேராசிரியர்களின் கையில் மண்டையோடு இருந்திருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்க்கப் படம் இருந்திருக்காது.

திரையில் இரண்டு படங்களும் பொருந்தி நிற்பதைக் காட்டினால், பார்ப்பவருக்கு வேறு விளக்கமே வேண்டாம் என்று தோன்றும். எனக்கு அச்சம் தருவது அந்தத் தெளிவுதான். கண்ணால் கண்டதை நம்பு என்கிறது பொது அறிவு. கேமராவை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். ஒரே படத்துக்கு வேறொருவரின் மண்டையோடும் ஓரளவு பொருந்தலாம் என்பதும் தெரியும். ‘இவர் இல்லை’ என்று விலக்கும்போது இந்தச் சோதனைக்கு இருக்கும் பலம், ‘இவரேதான்’ என்று சொல்லும்போது இல்லை. பொருந்தாத இடம் எது என்று முதலில் தேடுகிறவரைத்தான் நான் நிபுணர் என்பேன்.

ராஜகோபால் தரப்பும் இந்த இடத்தைத்தான் பிடித்தது. சூப்பர் இம்போசிஷனை நம்ப முடியாது, டி.என்.ஏ. பரிசோதனை ஏன் செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 மார்ச் 29 அன்று நீதிபதிகள் என்.வி. ரமணா, மோகன் சாந்தனகவுடர், இந்திரா பானர்ஜி அமர்வு அதற்குப் பதில் சொன்னது. மண்டையோட்டுச் சோதனையைப் போலவே டி.என்.ஏ. முடிவும் அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 45-வது பிரிவில் வந்த நிபுணர் கருத்துதான். எந்தக் கருத்தையும் மற்றச் சாட்சியங்களோடு சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது. இங்கே மனைவி காட்டிய அடையாளம் இருந்தது. சாந்தகுமார் கடைசியாக யாருடைய பிடியில் இருந்தார் என்பதற்குச் சாட்சியம் இருந்தது. இவற்றோடு ஆய்வகத்தின் முடிவும் ஒத்துப்போனதால் ஆயுள் தண்டனை உறுதியானது. மண்டையோட்டுப் படம் ஒன்றை மட்டும் வைத்து அந்தத் தீர்ப்பு எழுதப்படவில்லை. நிபுணர் சொன்னார் என்பதற்காக அப்படியே ஏற்கவும் இல்லை, புரியாத வித்தை என்று தள்ளவும் இல்லை. இது சரியான வழி என்றே நினைக்கிறேன்.

இன்று சிக்கல் கூடியிருக்கிறது. மங்கலான சிசிடிவி காட்சியைச் செயற்கை நுண்ணறிவு துலக்கித் தருகிறது என்கிறோம். கேமராவில் பதியாததை அது துலக்க முடியாது. இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. 2024-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஒரு கொலை வழக்கில் அப்படிக் கூர்மையாக்கிய வீடியோவை நீதிபதி ஏற்க மறுத்தார். பளிச்சென்று இருக்கும் படமே உண்மையான படம் என்ற பழக்கம் நம் கண்ணுக்கு வந்துவிட்டதால், இந்த மறுப்பு முக்கியமானது.

இந்தியாவில் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழைக் கேட்கிறது. அதில் கோப்பின் ‘ஹேஷ்’ மதிப்பைக் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். கொடைக்கானல் மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறோம். அதில் ஏதோ ஒன்று ஒரு வழக்குக்கு உதவக்கூடும். அப்படியொரு படம் கையில் இருந்தால் வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினாலே படம் சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் பற்றிய விவரங்கள் போய்விடும். எடுத்த செல்போனிலேயே மூலக் கோப்பை விட்டுவைத்து, அதைப் போலீஸாரிடம் காட்டுங்கள்.