இண்டிகேட்டருக்கும் வயதாகிறது

வீட்டில் அதிக நேரம் எரியும் விளக்கு எது என்று கேட்டால் கூடத்து டியூப்லைட்டைத்தான் காட்டுவோம். உண்மையில் அந்தப் பெருமை ஸ்டெபிலைசரின் முகப்பிலும், டிவியின் அடியோரத்திலும், இன்வெர்ட்டரிலும், சுவிட்ச் போர்டின் மூலையிலும் பொட்டளவு எரியும் இண்டிகேட்டர்களுக்கே உரியது. நாம் தூங்கும்போதும் அவை எரிகின்றன, பூட்டிவிட்டு ஊருக்குப் போனாலும் எரிகின்றன. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். தினமும் நான்கு மணி நேரம் எரியும் கூடத்து விளக்கு இவ்வளவு நேரம் எரிய ஆறு ஆண்டுகள் வேண்டும்.

இப்படி எரிந்தால் மங்காமல் இருக்குமா? மங்குகிறது. நமக்குத்தான் தெரிவதில்லை. ஒரு விளக்கின் ஒளி சரிபாதியாகக் குறைந்தாலும் நம் கண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததுபோலத்தான் தோன்றும். ஒளி கூடுவதையும் குறைவதையும் கண் அளந்து பார்ப்பதில்லை, விகிதத்தில்தான் உணர்கிறது. ஜெர்மானிய அறிஞர் குஸ்தாவ் ஃபெக்னர் 1860லேயே இதை ஒரு விதியாக எழுதிவைத்தார். அந்தப் பாதியும் பத்து ஆண்டுகளில் துளித்துளியாகக் குறைந்தால் யார் கண்ணுக்கும் படாது. பழுதான ஒரு போர்டை மாற்றிப் புதிய இண்டிகேட்டர் பளிச்சென்று எரியும்போதுதான் பக்கத்துப் போர்டில் இருப்பது எவ்வளவு வெளுத்துவிட்டது என்று தெரியும்.

எல்லா விளக்கும் ஒரே காரணத்தால் மங்குவதில்லை. ஒவ்வொரு காலத்து இண்டிகேட்டருக்கும் தனித்தனி வியாதி. எது எதனால் மங்குகிறது என்று தெரிந்தால், அந்த விளக்கின் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். அந்த நம்பிக்கை சில இடங்களில் உயிர் சம்பந்தப்பட்டது.

வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதன் பச்சைக் கண் மறக்காது. மேஜிக் ஐ என்பார்கள். இலங்கை வானொலியைப் பிடிக்க முள்ளை மெல்ல நகர்த்துவார்கள். ஸ்டேஷன் சரியாகச் சிக்கியதும் அந்தப் பச்சை ஒளிக்கு நடுவிலுள்ள நிழல் குறுகும். காதைவிடக் கண்ணை நம்பி ஸ்டேஷன் பிடித்த காலம் அது. அமெரிக்காவில் ஆலன் டூமாண்ட் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவி இது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1935ல் 6ஈ5 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ரேடியோக்களில் இ.எம்.34, அதற்குப் பிறகு இ.எம்.80, இ.எம்.84 என்று வரிசையாக வந்தன.

அந்தப் பச்சை, துத்தநாக சிலிகேட் பூச்சில் எலெக்ட்ரான்கள் மோதுவதால் பிறக்கும் ஒளி. மோத மோதப் பூச்சு சோர்ந்துபோகும். எலெக்ட்ரானை உமிழும் கேத்தோடும் நாளடைவில் வலுவிழக்கும். சில ஆயிரம் மணி நேரத்திலேயே கண் வெளுக்கத் தொடங்கிவிடும். பழைய ரேடியோக்களைச் சேகரித்துப் பழுது நீக்குபவர்கள் அடிக்கடி சந்திக்கும் சங்கடம் இது: பாட்டு கணீரென்று வரும், மற்ற வால்வுகள் நன்றாக இருக்கும், கண் மட்டும் இருட்டறையில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். புதிய கண் யாரும் செய்வதில்லை. எப்போதோ செய்து பயன்படாமல் கிடங்கில் தங்கியவற்றைத்தான் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். அதனால் சிலர் ரேடியோவின் பின்புறம் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து, ஸ்டேஷனைப் பிடித்ததும் கண்ணுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். வேண்டும்போது மட்டும் கண் திறக்கும். ஒரு பழைய பொருளைக் காப்பாற்ற இதைவிடப் பரிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்தவை நீலப் பச்சை எண்கள். வி.சி.ஆர்., மியூசிக் சிஸ்டம், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றில் மணி காட்டியவை. வி.எஃப்.டி. என்பது சுருக்கப் பெயர். 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் பிறந்தது. இதுவும் மேஜிக் ஐயின் வம்சம்தான்: வெற்றிடக் குழல், மெல்லிய கம்பிகளிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான், துத்தநாக ஆக்ஸைடு பூச்சு. ஆனால் இது மங்கும் விதம் ஒரு நாட்குறிப்பைப் படிப்பதுபோல இருக்கும்.

ஓர் எண்ணை எழுத ஏழு கோடுகள். 0 முதல் 9 வரை எழுதிப் பாருங்கள். வலது கீழ்க்கோடு 2 என்ற எண்ணில் மட்டும்தான் ஓய்வெடுக்கும், மற்ற ஒன்பது எண்களிலும் எரியும். இடது கீழ்க்கோடு 0, 2, 6, 8 ஆகிய நான்கில் மட்டும் எரியும். கடிகாரத்தின் கடைசி நிமிட எண் பத்து எண்களையும் சமமாகச் சுற்றி வருகிறது. ஆகவே வலது கோடு ஒன்பது பங்கு உழைக்க, இடது கோடு நான்கு பங்குதான் உழைக்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் ஒரே எண்ணின் வலக் கோடு மங்கலாகவும் இடக் கோடு தெளிவாகவும் இருக்கும். பன்னிரண்டு மணிக் கணக்கில் ஓடும் கடிகாரமானால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மணியின் முதல் எண்ணான 1, பத்து, பதினொன்று, பன்னிரண்டு மணிகளில் மட்டும் தேவைப்படும். பன்னிரண்டில் மூன்று மணி நேர வேலை. பழைய அடுப்பில் இரவு பத்து அடித்ததும் அந்த 1 மட்டும் நேற்று வாங்கியதுபோல எரியும்.

இப்போது எல்லா இடத்திலும் எல்.இ.டி.தான். 1962ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். இதில் எரிந்து தீர இழை இல்லை, சோர்ந்துபோகப் பூச்சும் இல்லை. அதனாலேயே இது அழியாதது என்ற எண்ணம் பரவிவிட்டது. அப்படி இல்லை. ஒளி பிறப்பது ஒரு படிகத்துக்குள். அந்தப் படிக அடுக்கில் தொடக்கத்திலேயே நுண்ணிய குறைகள் இருக்கும். மின்சாரமும் சூடும் சேர்ந்து அவற்றைப் பெருக்கும். குறையுள்ள இடத்தில் எலெக்ட்ரான் ஒளியைத் தராமல் வெறும் சூட்டைத் தந்துவிட்டுப் போகும். உள்ளே போகும் மின்சாரம் அதேதான், வெளியே வரும் வெளிச்சம் குறைவு. சாதாரண இண்டிகேட்டர் எல்.இ.டி.க்கு ஒரு லட்சம் மணி நேர ஆயுள் என்று சொல்வது வழக்கம். அணைந்துபோகும் நாளை அல்ல, ஒளி பாதியாகும் நாளைத்தான் அந்தக் கணக்கு குறிக்கிறது. இடைவிடாமல் எரிந்தால் பதினோரு ஆண்டு சொச்சம்.

நீல நிறத்தின் கதை கொஞ்சம் வேறு. ஷூஜி நகமுரா 1993ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்தார். அதற்காக 2014ல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். தன்னைச் சுற்றியிருக்கும் எபாக்ஸி உறையையே அது நாளடைவில் பழுப்பாக்கிவிடும். பழுப்பு உறை நீலத்தை விழுங்கும். மலிவான கருவிகளில், கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காகவே அளவுக்கு மீறி மின்சாரம் கொடுத்து எரியவிட்ட நீல விளக்குகள் சில ஆண்டுகளிலேயே வெளுத்துப்போவது இதனால்தான். படுக்கையறையில் அந்த நீலத்தின்மேல் கறுப்பு டேப் ஒட்டிய வீடுகள் எத்தனையோ. மில்லி ஆம்பியர் கணக்கில் கொஞ்சம் குறைத்திருந்தால் தூக்கமும் கெட்டிருக்காது, விளக்கும் நீடித்திருக்கும்.

நம் கண்ணுக்கே படாமல் மங்கும் எல்.இ.டி.யும் உண்டு. டிவி, சார்ஜர் ஆகியவற்றின் பவர் சப்ளைக்குள் நான்கு கால்களுடன் ஒரு சின்னக் கறுப்புத் துண்டு இருக்கும். ஆப்டோகப்ளர் என்பது அதன் பெயர். அதற்குள் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி. இருக்கிறது, எதிரே அதைப் பார்த்துக்கொண்டு ஓர் உணரி இருக்கிறது. வோல்டேஜ் கூடுகிறதா குறைகிறதா என்ற சேதி வெளிச்சமாகத்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. அந்த எல்.இ.டி.யும் வருடக்கணக்கில் மங்கும். சேதி தேய்ந்துகொண்டே போய் ஒருநாள் பவர் சப்ளை தடுமாறும். முன்பக்கத்து சிவப்பு விளக்கு நன்றாக எரிய, உள்ளே யாரும் பார்க்காத விளக்கு மங்கியதால் செட் படுத்துவிடுவதும் நடக்கும்.

நியானைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், பழைய போர்டுகளில் இன்றும் எரிவது அதுதான், தவறாக நம்பினால் ஆபத்து அதிகம் என்பதும்தான். நியான் வாயு நிரப்பிய சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ளே இரண்டு கம்பிகள், கூடவே ஒரு ரெசிஸ்டர். ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் மக்ஃபார்லன் மூர் 1917ல் உருவாக்கிய விளக்கு, நூறு ஆண்டுகள் தாண்டியும் பெரிய மாற்றமில்லாமல் வாழ்கிறது. எரியும்போது நியான் அயனிகள் கம்பியில் மோதி உலோகத் துகள்களைப் பெயர்க்கும். அந்தத் துகள்கள் கண்ணாடியின் உட்புறம் படிந்து கறுப்பாகும். பழைய இண்டிகேட்டரைக் கழற்றினால் உள்ளேயுள்ள குமிழ் புகை பிடித்ததுபோல இருப்பது அதனால்தான். (சமையலறைப் போர்டாக இருந்தால் பாதி மங்கல் வெளி மூடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். மெயினை அணைத்துவிட்டுத் துடைத்துப் பாருங்கள்.)

புதிய நியான் ஏறத்தாழ 60 முதல் 90 வோல்ட்டுக்குள் பற்றிக்கொள்ளும். வயதாக ஆக இந்த அளவு ஏறும். அது நம் வீட்டு மின்சாரத்தின் உச்சமான 325 வோல்ட்டை நெருங்கும்போது விளக்கு பற்றுவதும் விடுவதுமாகத் துடிக்கத் தொடங்கும். விநோதம் என்னவென்றால், இருட்டில் இந்தத் துடிப்பு அதிகம். ஒரு டார்ச்சை அதன்மேல் அடித்தால் அடங்கிவிடும். வெளியிலிருந்து விழும் ஒளி கம்பியிலிருந்து சில எலெக்ட்ரான்களை விடுவித்து, பற்றிக்கொள்ள உதவுகிறது. போர்டில் துடிக்கும் இண்டிகேட்டரைப் பார்த்து வயரிங்கில் கோளாறு என்று பயப்படுபவர்கள் முதலில் இந்தச் சோதனையைச் செய்துபார்க்கலாம். டார்ச் ஒளிக்கு அடங்கினால் முதுமை அந்த விளக்குக்குத்தான்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். இண்டிகேட்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று முடிவுகட்டி போர்டில் கை வைப்பது. விளக்கு செத்திருக்கலாம். அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. போர்டு இண்டிகேட்டர் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நிற்கிறது. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் விளக்கு அணையும், ஃபேன் நிற்கும், எல்லாம் கரண்ட் போனதுபோலவே இருக்கும். பேஸ் கம்பியில் மட்டும் முழு 230 வோல்ட்டும் காத்துக்கொண்டிருக்கும்.

ஸ்க்ரூ டிரைவர்போல இருக்கும் டெஸ்டருக்குள்ளும் இதே நியான்தான். பெரிய ரெசிஸ்டர் வழியாக நம் உடலில் பாய்ந்து தரைக்குப் போகும் மிகச் சிறிய மின்சாரத்தில் அது எரிகிறது. காய்ந்த ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் ஸ்டூலில் நின்றால் அதுவே மங்கலாகத்தான் எரியும். குமிழும் பழையது, பட்டப்பகல் வெளிச்சம் வேறு என்றால் எரிவதே தெரியாது.

ஆகவே போர்டைத் தொடுமுன் மெயினையோ எம்.சி.பி.யையோ அணைத்துவிட வேண்டும். அதற்கு முன்பே, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அணைத்த பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் பார்க்க வேண்டும். பிறகு மறுபடியும் கரண்ட் உள்ள பிளக்கில் ஒருமுறை. இடையில் டெஸ்டர் செத்துப்போயிருந்தால் இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் என்றால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மட்டுமல்லாமல் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அளக்கச் சொல்லுங்கள். நியூட்ரல் அறுந்த வீட்டில் இரண்டாவது அளவில்தான் உண்மை தெரியும்.

வேறு எதற்காகவாவது போர்டைத் திறந்திருந்தால் அப்போதே பழைய இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதைப் போடச் சொல்வது நல்லது. செலவு மிகக் குறைவு. இப்போது வருபவற்றில் பல எல்.இ.டி. வைத்தவை. துடிக்காது, நெடுநாள் வரும். அதற்கும் எரிய நியூட்ரல் வேண்டும் என்பதால், அது அணைந்திருந்தாலும் மெயினை அணைத்த பிறகே கை வையுங்கள்.