சிறகசையாப் பறத்தல்

நுழையும்முன்

எரிபொருள் இல்லை, பொறியின் ஓசை இல்லை. ஆயினும், சிறு வானூர்தி ஒன்று மணிக்கணக்கில் வானில் மிதக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத காற்றின் போக்கை அறிந்து, அதனோடு இயைந்து செல்வதில் விளையும் இன்பம் அது. அவ்வறிவு பழவேற்காட்டுப் பறவைகளிடமும் பாய்விரித்துப் படகு செலுத்தும் மீனவரிடமும் நெடுங்காலமாக உண்டு. பறவை, பாய், மாதிரி வானூர்தி ஆகிய மூன்றையும் இணைக்கும் அறிவியலை விளக்குகிறது இப்பாடம்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில் அமைந்துள்ளது பழவேற்காடு ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் இது, இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாகும். ஏரியையும் வங்கக்கடலையும் பிரித்து நிற்கிறது ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணற்றீவு. கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், அரங்கம்குப்பம் முதலிய மீனவர் ஊர்கள் இவ்வேரியையும் கடலையும் நம்பி வாழ்கின்றன.

வெயில் ஏறிய பிற்பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும். அவ்வேளையில் சவுக்குத் தோப்பின் விளிம்புக்கு மேலே செம்பருந்து ஒன்று சிறகை விரித்தபடி நிற்பதைக் காணலாம். அது சிறகடிப்பதில்லை, கீழே விழுவதும் இல்லை. வாலை மட்டும் சற்றே திருப்பித் தன் நிலையைக் காத்துக்கொள்கிறது. இது எவ்வாறு இயலுகிறது?

காற்று ஏறும் வழி

அசையாச் சிறகுடன் பறக்கும் எதுவும், தன்னைச் சூழ்ந்துள்ள காற்றினூடே மெல்லக் கீழிறங்கிக்கொண்டேதான் இருக்கும். அக்காற்றே மேல்நோக்கி எழுந்தால் நிலை மாறுகிறது. நொடிக்கு 0.5 மீட்டர் வீதம் இறங்கும் ஒரு வானூர்தி, நொடிக்கு 1.5 மீட்டர் வீதம் மேலெழும் காற்றில் பறப்பதாகக் கொள்வோம். அது நொடிக்கு 1 மீட்டர் வீதம் உயரும். ஒரு நிமிடத்தில் 60 மீட்டர் உயரத்தை எட்டிவிடும். இறங்கும் மின்படிக்கட்டில் ஏற முயல்பவர் களைத்துப்போவார். ஏறும் படிக்கட்டில் நிற்பவரோ எவ்வித முயற்சியுமின்றி மேலே செல்வார். பருந்து, ஏறும் படிக்கட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறது.

காற்று மேலெழுவதற்குப் பொதுவாக இரு காரணங்கள் உண்டு. குன்று, மணல்மேடு, அடர்ந்த மரவரிசை ஆகியவற்றின்மீது மோதும் காற்று, முன்செல்ல வழியின்றி மேல்நோக்கித் திரும்புகிறது. இது சரிவேறு காற்று. வெயிலால் சூடேறிய நிலத்தின்மேல் உள்ள காற்று விரிந்து இலேசாகி மேலெழுவது மற்றொன்று; இது வெப்பக்காற்று. கூழைக்கடாக்களும் நாரைகளும் வட்டமிட்டு வட்டமிட்டு உயர்வது, வெப்பக்காற்றின் எல்லைக்குள் தங்கியிருப்பதற்காகவே. பெரிய உடலைத் தூக்கிக்கொண்டு நெடுந்தொலைவு செல்லும் அப்பறவைகள் இவ்வாறு தம் ஆற்றலைச் சேமிக்கின்றன.

மணல்மேட்டில் வளர்ந்த கலை

பறவைகளின் இவ்வித்தையை மனிதர் கற்றது எளிதில் நிகழவில்லை. செருமானியப் பொறியாளர் ஓட்டோ லிலியந்தால், நாரைகளின் சிறகமைப்பை ஆராய்ந்து 1889ஆம் ஆண்டில் நூல் எழுதினார். பெர்லினுக்கு அருகில் தக்க குன்று இல்லாமையால், 1894ஆம் ஆண்டில் 15 மீட்டர் உயரத்தில் செயற்கைக் குன்று ஒன்றையே அமைத்தார். கிளைடர் எனப்படும் பொறியில்லா வானூர்தியில் 2000 முறைக்கும் மேல் பறந்த அவர், 1896ஆம் ஆண்டில் விபத்தொன்றில் காயமுற்று உயிரிழந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்கள் ரைட் சகோதரர்கள். அமெரிக்காவில் கிட்டி ஹாக் என்னும் கடற்கரைச் சிற்றூரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி, இடையே நீண்ட மணற்றிட்டு என அமைந்த அவ்விடம், பழவேற்காட்டுக் கரையின் நில அமைப்பை ஒத்தது. விடாது வீசும் காற்றும் விழுந்தால் தாங்கும் மணலும் அவர்களுக்குத் துணைநின்றன. 1911ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், ஆர்வில் ரைட் அங்குள்ள மணற்குன்றின் சரிவேறு காற்றில், பொறியில்லா வானூர்தியில் 9 நிமிடம் 45 நொடி மிதந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அச்சாதனையை எவராலும் விஞ்ச இயலவில்லை.

தரையில் நின்று பறத்தல்

இன்று அவ்வின்பத்தை உயிருக்கு இடரின்றி நுகர வழியுண்டு. வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரிக் கிளைடர்களை உலகின் பல நாடுகளிலும் ஆர்வலர்கள் குன்றுச்சரிவுகளில் பறக்கவிடுகின்றனர். நுரைப்பொருளாலோ இலேசான மரத்தாலோ ஆன அதன் உடலில், அலைவாங்கியும் சிறு சர்வோ மோட்டார்களும் இருக்கும். இவற்றை இயக்கவே மின்கலம் பயன்படுகிறது. பறப்பதற்கான ஆற்றல் முழுவதையும் காற்றே தருகிறது.

சரிவின் உச்சியில் காற்றை எதிர்நோக்கி நிற்பவர், மாதிரியைக் கையால் முன்னோக்கி வீசுகிறார். பின்னர், காற்று ஏறும் பகுதியிலேயே அதனை இடமும் வலமுமாகச் செலுத்துகிறார். திரும்பும்போது எப்போதும் காற்றை நோக்கியே திருப்பவேண்டும். குன்றின் பின்புறத்திற்குச் சென்றுவிட்டால், அங்குச் சுழன்று கீழிறங்கும் காற்று மாதிரியைத் தரையில் மோதச் செய்யும். புல்லின் அசைவு, தூசியின் போக்கு, பறவை வட்டமிடும் இடம், முகத்தில் படும் குளிர்ச்சி ஆகியவையே அவருக்கு வழிகாட்டிகள். ஒருநாள் வீசிய காற்று மறுநாள் வீசுவதில்லை. எனவே, பல்லாண்டுகள் பழகியவருக்கும் ஒவ்வொரு நாளும் புதிய பாடமாகிறது. இக்கலை சலிப்புத் தராமைக்குக் காரணமும் அதுவே.

தெரியுமா?

கரிகாலனின் முன்னோர், கடற்காற்றின் இயக்கத்தைத் தம் வயப்படுத்தி நாவாய் செலுத்திய செய்தியைப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் குறிப்பிடுகிறார்.

பாயும் சிறகே

காற்றைத் திசையால் பகுத்துப் பெயரிட்டது தமிழ். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். இப்பெயர்கள் இலக்கிய அழகுக்காக மட்டும் தோன்றியவை அல்ல. உழவருக்கும் மீனவருக்கும் வாழ்வின் தேவையாக இருந்தவை.

ஆழம் குறைந்த பழவேற்காடு ஏரியில் மீனவர் கழியூன்றியும் பாய்விரித்தும் படகு செலுத்துவர். பக்கவாட்டில் வீசும் காற்றில் பாய் வளைந்து சிறகின் வடிவம் கொள்கிறது. அதன் இருபுறமும் ஏற்படும் அழுத்த வேறுபாடு படகை முன்செலுத்துகிறது. பருந்தின் சிறகுக்கும் கிளைடரின் இறக்கைக்கும் உரிய விதியே இங்கும் செயற்படுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. காற்றைத் தவறாகக் கணித்தால் ஆர்வலர் இழப்பது ஒரு மாதிரி வானூர்தியை. மீனவருக்கோ அன்றைய உழைப்பும், சிலவேளை உயிருமே இழப்பாகிவிடும். பொறி பொருத்திய படகுகள் பெருகிய இக்காலத்தில், உழைப்பு எளிதாகியுள்ளது. காற்றைக் கண்டறியும் பழைய அறிவோ, பயில்வார் குறைந்து மறையத் தொடங்கியுள்ளது. முதியோர் நினைவில் எஞ்சியிருக்கும் அவ்வறிவைக் கேட்டுப் பதிவு செய்தல் இளைய தலைமுறையின் கடமையாகும்.

பறவையிலிருந்து ஏவுகலத்திற்கு

இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச்சென்று, பறவைகள் பறப்பதை நேரில் காட்டி விளக்கினார் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். தம் வாழ்வின் திசையை அந்நிகழ்வே உறுதிசெய்ததாக அவருடைய மாணவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் பலமுறை கூறியுள்ளார். கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ஏவுகலம், 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வெற்றியுடன் விண்ணில் பாய்ந்தது. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர் சதீஷ் தவான். காற்றியக்கவியல் அறிஞரான அவர், பறவைகள் பறக்கும் முறை குறித்து விரிவான ஆய்வுரை ஒன்றை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஏவுகலங்களை விண்ணுக்கு அனுப்பிய அறிஞரும் பறவையிடம் கற்பதற்குரியது இன்னும் உண்டு என்று கருதினார். ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையம் 2002ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விண்வெளி மையமும் பறவைகள் காப்பிடமும் அமைந்துள்ள இப்பகுதி, மாதிரி வானூர்திகளைப் பறக்கவிடுதற்கு உரிய இடமன்று. ஆனால், காற்றைக் கற்பதற்கு இதனினும் சிறந்த இடம் அரிது. ஏரிக்கரையில் சற்றே அமைதியாக நின்று, பருந்து நிற்கும் இடத்தையும் பாய் புடைக்கும் பக்கத்தையும் உற்றுநோக்குவோருக்குக் காற்று தன் வடிவைக் காட்டும்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரில் வீசும் காற்றின் திசையை ஒரு வாரம் காலை, மாலை இருவேளையும் குறித்து, அதற்குரிய தமிழ்ப்பெயருடன் பட்டியலிடுக.

2. காற்றின் போக்கை எவ்வாறு அறிகின்றனர் என மீனவர் அல்லது உழவர் ஒருவரிடம் கேட்டு, அவர் வழங்கும் சொற்களைத் தொகுக்க.

3. சிறகடித்துப் பறக்கும் பறவை, சிறகசைக்காமல் மிதக்கும் பறவை ஆகியவற்றை உற்றுநோக்கி, வேறுபாடுகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.