மூணா... எட்டா?

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. கணக்கு தெரியும், கடுதாசி எழுதத் தெரியும், கம்ப்யூட்டரில் சகலமும் தெரியும் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். கடம்பத்தூரில் அப்படி மாட்டிக்கொண்டவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னி தொட்ட கையோடு உட்கார்ந்திருந்தேன். மச்சினன் வந்தான். காக்களூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "முதல்ல மனை, அப்புறம்தான் மணமகள்" என்பது கொள்கை.

"மாமா, நம்ம ஸ்டேஷன் பக்கத்துல அரை கிரவுண்டு பார்த்திருக்கேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் அம்பதாயிரம். இந்த லே-அவுட் மேப் மட்டும் மங்கலா இருக்கு. கொஞ்சம் தெளிவாக்கிக் கொடுங்களேன்."

செல்போனை வாங்கிப் பார்த்தேன். மார்கழி மாசத்து விடியற்காலையில் அரக்கோணம் லோக்கலில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது வரைபடம். அதன் குறுக்கே, மூலைக்கு மூலை, புரோக்கரின் பெயரும் போன் நம்பரும் சிவப்பு எழுத்தில். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் காந்தி தெரிவாரே, அந்த மாதிரி அடக்கமான வாட்டர்மார்க் இல்லை இது. கட்சிக்கூட்ட பேனர்!

"இந்தப் பேரையும் அழிச்சிடுங்க மாமா."

"அது மட்டும் முடியாதுப்பா" என்றேன். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி வரைபடமும் ஒரு கலைப்படைப்பு. இன்னார் படைப்பு என்று காட்டும் விவரத்தை அனுமதியில்லாமல் வேண்டுமென்றே நீக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை என்று 2012-ல் திருத்தமே கொண்டு வந்திருக்கிறார்கள். மனை வாங்கப் போய் மாமனை உள்ளே தள்ளுவானேன்?

பெயரை விட்டுவிட்டு, படத்தை மட்டும் 'ஏ.ஐ. மூலம் தெளிவாக்கித் தருகிறோம்' என்று சொல்லும் ஒரு ஆப்பில் போட்டேன். அரை நிமிஷம். அடடா! கோடுகள் கத்தி மாதிரி. எண்கள் காலண்டர் தேதி மாதிரி. மச்சினனின் மனை இருக்கும் இடத்தில் சர்வே எண், உட்பிரிவு 3. பளிச்!

அந்த எண்ணைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் போட்டு 'அ' பதிவேட்டைப் பார்த்தோம். வந்ததே ஒரு வரி. அரசு புறம்போக்கு, வாய்க்கால்!

மச்சினன் முகம் போன போக்கை எழுத இந்தப் பக்கம் போதாது. உடனே புரோக்கருக்குப் போன் போட்டான். "வாய்க்காலை வித்துட்டுப் போலாம்னு பார்க்கறீங்களா?" என்று ஆரம்பித்தது, பாதி தெருவுக்குக் கேட்டது.

பத்தாவது நிமிஷம் அந்த மனிதர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. கையில் டிராஃப்ட்ஸ்மேன் போட்டுக் கொடுத்த ஒரிஜினல் தாள். விரித்தார். "தம்பி, நல்லா பாருங்க. இது மூணா, எட்டா?"

எட்டு. சந்தேகமே இல்லாத குண்டு எட்டு. உட்பிரிவு 8 தனியார் பட்டா நிலம். இணையதளமும் அதையே சொன்னது. வாய்க்கால், நாலு மனை தள்ளி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தப்பு அவர் மேல் இல்லை. தெளிவாக்கிய என் மேல்.

எட்டு எப்படி மூணாயிற்று? ஒரு சின்னக் கணக்கு. ஏ-3 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று படமாக்கினால், நீளவாட்டில் 4961 புள்ளிகள். அதில் 2 மில்லிமீட்டர் உயர எண்ணுக்குச் சுமார் 24 புள்ளிகள் கிடைக்கும். தாராளம். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால், நீளத்தைச் சுமார் 1600 ஆகச் சுருக்கிவிடுகிறது. 24 புள்ளி 8 புள்ளியாகிவிடும். எட்டுக்கும் மூணுக்கும் உள்ள வித்தியாசமே இடது பக்கம் ஒன்றிரண்டு புள்ளிதான். அதன் மேல் சிவப்பு எழுத்து ஒரு கோடு இழுத்தால்?

இன்னொரு வில்லன் ஜே.பி.இ.ஜி. முகம், மலை, மரம் மாதிரியான போட்டோக்களுக்காக உருவான முறை அது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குப் படாத நுணுக்கம் என்று தான் நினைப்பதைக் கழித்துவிடும். மெல்லிய கோடும் குட்டி எண்ணும்தான் வரைபடத்தின் உயிர். அதைத்தான் அது முதலில் கழிக்கும். எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்த மாதிரி தெரிகிறதே, அது இந்தக் கைங்கரியம்தான். ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இன்னொருத்தர் வெட்டி, மூன்றாமவர் குரூப்பில் போட, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தேய்மானம்.

தேய்ந்துபோனதை ஆப் திரும்பக் கொண்டுவராது. அது படிப்பதில்லை, யூகிக்கிறது. முகத்தில் ஒரு மச்சம் கூடினால் சிரித்துவிட்டுப் போகலாம். சர்வே எண்ணில்?

இது நம்மூர் விவகாரம் மட்டுமில்லை. 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி வல்லுநர் ஒன்றைக் கண்டுபிடித்தார். கட்டட வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் கம்பெனி எந்திரத்தில் ஸ்கேன் செய்தால், மூன்று அறைகளின் பரப்பளவும் 14.13 சதுர மீட்டர் என்றே வந்தது. ஒரிஜினலில் 14.13, 21.11, 17.42! இடத்தை மிச்சம் பிடிக்க, ஒரே மாதிரி தெரிகிற எண்களை எந்திரமே ஒன்றுக்குப் பதில் ஒன்றாக ஒட்டியிருந்தது. கம்பெனி பிறகு மென்பொருளைத் திருத்திக் கொடுத்தது. நகலுக்கே 'ஜெராக்ஸ்' என்று பேர் வைத்தவர்கள் நாம். நாம் கொஞ்சம் கவலைப்படத்தான் வேண்டும்.

பாவத்துக்குப் பரிகாரமாக அன்று மாலை புரோக்கர் அண்ணன் கடைக்குப் போனேன். அவரிடம் டிராஃப்ட்ஸ்மேன் அனுப்பிய பி.டி.எஃப். இருந்தது. அதை விட்டுவிட்டு, பிரிண்ட் எடுத்து, செல்போனில் படம் பிடித்து, அதன் மேல் பேர் எழுதி அனுப்பியிருக்கிறார்!

"பேர் போடலைன்னா அடுத்த புரோக்கர் தன் மேப்புன்னு அனுப்பிடறான் தம்பி. அலைஞ்சது நானு." நியாயம்தானே?

பேரை எடுக்கவில்லை. இடத்தை மாற்றினோம். சிவப்பு போய் வெளிர் சாம்பல் வந்தது. கோடுகளுக்கும் எண்களுக்கும் அடியில், சாலை, பூங்கா, ஓரம் என்று காலியாக இருக்கும் இடங்களில் மட்டும் சின்னச் சின்னதாகப் பல தடவை. வெட்டி எடுத்தாலும் எங்காவது ஒரு பேர் மிஞ்சும். எந்த எண் மேலும் ஏறாது. கீழே தேதி. எல்லாம் பி.டி.எஃப்.பிலேயே. அதில் கோடு கோடாகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. '1:1000' என்ற எழுத்தை மட்டும் நம்பாமல் பக்கத்தில் ஓர் அளவுகோல் கோடும் போட்டோம். செல்போனில் படத்தை இழுத்தால் விகிதம் பொய்யாகும், கோடு கூடவே நீளும்.

அனுப்பும்போது போட்டோவாக இல்லாமல் 'டாகுமெண்ட்' என்று அனுப்பச் சொன்னேன். போட்டது போட்டபடி போய்ச் சேரும். படமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு பி.என்.ஜி. வடிவில், நாலு துண்டாக, ஒவ்வொன்றிலும் வடக்கு அம்புக்குறியோடு.

ராத்திரி தூக்கம் வரவில்லை. தப்பு எதிர்ப்பக்கமாக நடந்திருந்தால்? வாய்க்காலின் 3, ஆப் புண்ணியத்தில் 8 ஆகியிருந்தால்? பட்டா நிலம் என்று நிம்மதியாக மச்சினன் ஐம்பதாயிரத்தை எண்ணிக் கொடுத்திருப்பான். 1802-ல் பரங்கிமலை பக்கம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் எஃகுச் சங்கிலி பிடித்து, சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை அங்குலம் அங்குலமாக அளந்தாராம். நாம் அரை நிமிஷத்தில் ஒரு வாய்க்காலையே நகர்த்திவிட்டோம்!

மச்சினன் புரோக்கரிடம் மன்னிப்புக் கேட்டான். நானும்தான். பட்டா, புல வரைபடம், வில்லங்கம் எல்லாம் ஒரிஜினலில் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மனை முடிந்தது.

போன வாரம் மறுபடி வந்தான். கையில் செல்போன். முகத்தில் வெட்கம்.

"மாமா, பொண்ணு வீட்ல ஜாதகம் அனுப்பியிருக்காங்க. கட்டம் எல்லாம் மங்கலா இருக்கு. அந்த ஆப்புல போட்டு..."

"போடாதே!" என்று அலறினேன். "மூணாம் இடத்துச் செவ்வாய் எட்டுக்குப் போயிடும். ஒரிஜினலைக் கேளுடா!"