உயிரோடு இருப்பவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதும்போது

மாணவர்கள் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதுறதை நம்மால் தடுக்க முடியாது. அதில் எழுதக் கற்றுக்கொடுக்கலாமே! பயிற்சிக்குப் பேராக்கிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு.

2009 மே 7, ஈப்போ. சட்டமன்றச் சபாநாயகர் வி. சிவகுமார் அவையிலிருந்து வெளியே இழுத்துச் செல்லப்பட்டார். ஆர். கணேசன் அவர் இடத்தில் அமர்ந்தார். ஒரு மாணவர் ‘சட்டப்படி நீக்கப்பட்டார்’ என்று எழுதுவார். இன்னொருவர் ‘பதவி பறிக்கப்பட்டது’ என்பார். ரெண்டுமே தீர்ப்புச் சொல்ற வார்த்தைகள். நடந்ததைத் தேதியோடு எழுதி, எந்தத் தரப்பு என்ன சொன்னது என்று பத்திரிகை ஆதாரத்தோடு சேர்த்தால் போதும்.

2010 பிப்ரவரி 9-இல் கூட்டரசு நீதிமன்றம், ஸம்ரிதான் சட்டப்படி மந்திரி பெசார் என்றது. அது மந்திரி பெசார் பதவி வழக்கு. அதைக் கொண்டுபோய் சபாநாயகர் பக்கத்தில் தீர்ப்பாக ஒட்டக்கூடாது.

அளவும் முக்கியம். சிவகுமார் 2013 முதல் பத்து காஜா நாடாளுமன்ற உறுப்பினர். மனிதவள அமைச்சராகவும் இருந்தவர். அவர் பக்கம் முழுக்க அந்த ஒரு நாளே நிறைந்திருந்தால், ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும் அது அநியாயம்தான். கணேசனுக்கும் இதே அளவுகோல். (மாணவர்களின் வீட்டில் கட்சிப் பற்று இருக்கும், பெயரை மாற்றிப் போட்டுப் படிக்கச் சொல்லுங்க, சாய்வு தெரிஞ்சிடும்.)

2005-இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு இணைத்த பொய் நான்கு மாதம் விக்கிப்பீடியாவில் கிடந்தது. இப்போ அங்கே விதி கடுமை: உயிரோடு இருப்பவர் மேல் ஆதாரமில்லாத பழி இருந்தால் முதலில் நீக்கு, விவாதம் பிறகு. தோட்டத்து லயத்து வாசலில் பேசின பேச்சு அங்கேயே காற்றோடு போயிடும், இது போகாது.