கீச்சிடும் டிரான்ஸ்மிட்டர்

அமெரிக்காவில் 1951-இல், அமெச்சூர் ரேடியோவுக்குப் புதியவர்களுக்கென்று ‘நோவிஸ்’ உரிமம் ஏற்பட்டது. நிமிடத்துக்கு 5 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் குறிகளை அனுப்பவும், கேட்டு எழுதவும் தெரிய வேண்டும். டிரான்ஸ்மிட்டரின் உள்ளீட்டுத் திறன் 75 வாட்டைத் தாண்டக் கூடாது. அதன் அதிர்வெண்ணை ஒரு குவார்ட்ஸ் படிகமே நிர்ணயிக்க வேண்டும். தொடக்க ஆண்டுகளின் விதி இது.

ஏன் படிகம்? குவார்ட்ஸ் தகட்டை மின்சாரத்தால் அதிரச் செய்யலாம். தகடு மெல்லியதானால் அதிர்வெண் கூடும். தடிமன் தானாக மாறாதல்லவா? ஆகவே புதியவர் தமக்குரிய அலைவரிசையை விட்டு விலக மாட்டார். ஆனால் ஒரு சங்கடம். பதில் சொல்பவரிடம் இருப்பது வேறு படிகம்! அழைத்து முடித்ததும், ரிசீவரின் குமிழைத் திருகித் திருகி அவரைத் தேட வேண்டும்.

படிகம் இருந்தும், மலிவாகக் கட்டிய டிரான்ஸ்மிட்டர்களில் மோர்ஸ் சாவியை அழுத்தும்போது வோல்டேஜ் தாழ்ந்து, அதிர்வெண் சற்றே நழுவும். குறிகள் குருவி கீச்சிடுவது போல் கேட்கும். குறைதான். ஆனால் அனுப்புகிறவர் யாரென்று அந்தக் கீச்சே சொல்லிவிடும்.

அங்கு மோர்ஸ் தேர்வு 2007-இல் அடியோடு நீங்கிவிட்டது. பழைய வால்வுப் பெட்டிகளைப் பழுது பார்த்து இன்றும் பேச வைப்போர் உண்டு. அவர்களில் சிலர் கீச்சை மட்டும் சரிசெய்வதில்லை.