பாட்டி ஏன் அசையாமல் படுக்க வேண்டும்?

மாணவர்களே, நம் தோட்டத்துப் பாட்டி ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. அது உடலில் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க, புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் ‘பெட்-சிடி’ ஸ்கேன் எடுக்க அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபு, ரந்தாவ் பக்கமிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். ஓர் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் ஓய்வாக இருக்கச் சொல்வார்கள். பிறகு கருவிக்குள் படுக்க வைத்து, “அசையாதீர்கள் பாட்டி. மூச்சை அடக்காமல் இயல்பாக விடுங்கள்” என்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறார்கள்? விடை நீங்கள் ஆரம்பப் பள்ளியிலேயே படித்த பெருக்கல் கணக்கில் இருக்கிறது.

ஒரே கருவி, இரண்டு வேலை

ஊசியில் போவது ஒரு வகைச் சர்க்கரை. அதனுடன் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டப்பட்டிருக்கும். புற்றுநோய் உயிரணுக்கள் பொதுவாகச் சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும். எனவே அந்த அணுக்களும் அங்கே அதிகமாகச் சேரும். இதன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். மலாயில் ‘செப்பாரு ஹாயாட்’ என்று படிக்கிறோமே, அதுதான்.

ஃபுளோரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்ற துகள் வெளியாகிறது. 1932இல் கார்ல் ஆண்டர்சன் கண்டுபிடித்த துகள் இது. எலக்ட்ரானைப் போன்றதுதான், ஆனால் நேர்மின்னூட்டம் கொண்டது. இது ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து, இரண்டு காமா கதிர்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரண்டும் நேர் எதிர்த் திசையில் பறக்கின்றன.

பாட்டியைச் சுற்றி வளையமாக இருக்கும் உணரிகளில் இரண்டு ஒரே நேரத்தில் கதிரை உணர்ந்தால், அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டில்தான் சிதைவு நடந்தது என்று கணினி குறித்துக்கொள்ளும். இப்படி லட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்தால் படம் கிடைக்கும். இது பெட். சிடி என்பது எக்ஸ் கதிரால் உடலின் குறுக்குவெட்டைக் காட்டுவது. இரண்டையும் ஒரே கருவியாக்கியவர்கள் டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் ஆகியோர். அவர்களின் முதல் மாதிரிக் கருவி 1998இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது.

சிடி படம் எதற்கு? நோய் எந்த உறுப்பில் இருக்கிறது என்று காட்ட. இது பலருக்கும் தெரியும். அதன் இன்னொரு வேலை, பெட் படத்தின் கணக்கைத் திருத்துவது.

நிரைக்குள் ஒரு பந்து விளையாட்டு

பால்மரக் காட்டில் இரண்டு சாலைகளுக்கு நடுவே நான்கு நிரைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிற்கும் ஒரு பையன் ஒரே நேரத்தில் இரண்டு பந்துகளை எதிரெதிர்த் திசையில் எறிகிறான். ஒரு நிரையைத் தாண்டும்போது பாதிப் பந்துகள் மரத்தில் பட்டு நின்றுவிடும். இரண்டு பந்துகளும் சாலைக்கு வந்து சேர்ந்தால்தான் நாம் எண்ணுவோம்.

பையன் சரியாக நடுவில் நின்றால், ஒவ்வொரு பந்தும் இரண்டு நிரைகளைத் தாண்ட வேண்டும். கால் பெருக்கல் கால், அதாவது 1/16. அவன் ஒரு நிரை தள்ளி நின்றால், ஒரு பந்துக்கு ஒரு நிரை, மற்றதற்கு மூன்று. அரை பெருக்கல் எட்டில் ஒன்று. மறுபடியும் 1/16!

அவன் எங்கே நின்றாலும் விடை மாறாது. மொத்தம் எத்தனை நிரை என்பது மட்டுமே முக்கியம்.

உடலிலும் இதே கதைதான். சுமார் 7 சென்டிமீட்டர் சதையைத் தாண்டுவதற்குள், போன திசை மாறாமல் மிஞ்சுவது பாதிக் காமா கதிர்களே. 28 சென்டிமீட்டர் தடிமனான வயிற்றில் 16 ஜோடிகள் பிறந்தால் ஒரு ஜோடிதான் நேராக வெளியே வரும். திருத்தாமல் விட்டால், உடலின் ஆழத்தில் இருக்கும் கட்டி மங்கலாகத் தெரியும். தோலுக்கு அருகில் இருப்பது தேவைக்கு மேல் பளிச்சென்று தெரியும். மொத்தத் தடுப்பு தெரிந்துவிட்டால், அந்தக் கோட்டின் எண்ணிக்கையை 16ஆல் பெருக்கிச் சரிசெய்துவிடலாம். ஆனால் நுரையீரலில் காற்று அதிகம், தடுப்பு குறைவு. எலும்பில் தடுப்பு அதிகம். எனவே ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். அதற்கான வரைபடத்தைத்தான் சிடி தருகிறது. முன்பு ஒரு கதிரியக்கக் கம்பியை உடலைச் சுற்றிச் சுழற்றிப் பல நிமிடங்கள் இதை அளந்தார்கள். சிடி ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது.

கணக்கு தவறும் இடங்கள்

சிடி படம் சில நொடிகளில் எடுக்கப்படும். பெட் படத்துக்கோ பதினைந்து, இருபது நிமிடங்கள்கூட ஆகும். அதற்குள் பாட்டி நூற்றுக்கணக்கான முறை மூச்சு விட்டிருப்பார். ஒவ்வொரு மூச்சுக்கும் நுரையீரலும் கல்லீரலும் மேலும் கீழும் நகரும்.

சிடி எடுக்கும் நொடியில் பாட்டி மூச்சை ஆழமாக இழுத்து அடக்கினார் என்றால், கல்லீரலின் உச்சி வழக்கமாக இருக்கும் இடத்தில் நுரையீரல் பதிவாகிவிடும். கணினி அங்கே தேவையைவிடச் சிறிய எண்ணால் பெருக்கும். கல்லீரலின் மேற்பகுதியில் உள்ள கட்டி மங்கும், அல்லது நுரையீரலில் இருப்பதுபோல் தோன்றும். நோய் நுரையீரலுக்கும் பரவிவிட்டது என்று முடிவு செய்தால் சிகிச்சையே மாறிவிடும். அதனால்தான் இயல்பாக மூச்சு விடச் சொல்கிறார்கள். சில கருவிகளில் மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் பட்டை அல்லது கேமரா கொண்டு கவனித்து, ஒரே நிலையில் கிடைத்த தரவுகளைத் தனியாகப் பிரித்துப் படமாக்குகிறார்கள்.

உடலில் உலோகம் இருந்தாலும் சிக்கல்தான். செயற்கை இடுப்பு மூட்டு சிடி கதிரைப் பெரிதும் தடுப்பதால், கணினி பெரிய எண்ணால் பெருக்கிவிடும். நோய் இல்லாத இடம் பளிச்சிடும். இப்படிச் சந்தேகம் வந்தால், திருத்தாத படத்தையும் மருத்துவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதில் அந்தப் பளிச்சிடல் இல்லையென்றால் அது பெருக்கலின் பிழையாக இருக்கலாம்.

நேரத்தையும் அளக்கலாம்

ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். புதிய கருவிகள் இரண்டு கதிர்களும் வந்து சேரும் நேர வித்தியாசத்தைச் சுமார் 200 பிக்கோ நொடி நுணுக்கத்தில் அளக்கின்றன. இதனால் கோட்டில் சிதைவு நடந்த இடத்தை ஏறக்குறைய 3 சென்டிமீட்டருக்குள் குறுக்க முடிகிறது. படம் மேலும் தெளிவாகும்.

சிடிக்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. சேர்ந்த கருவிகளும் உண்டு. எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் ஹைட்ரஜனைத்தான் ‘பார்க்கிறது’. கெட்டியான எலும்பும் காற்றும் அதில் ஒரே மாதிரி கறுப்பு. ஒன்று கதிரை நன்றாகத் தடுப்பது, மற்றது தடுக்காதது. எலும்பைக் காற்று என்று எண்ணிவிட்டால் மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையின் கணக்கே தவறும். எலும்பின் சிக்னல் மறைவதற்குள் அதைப் பிடித்துவிடும் மிக வேகமான பதிவு முறைகளை இதற்காக உருவாக்கியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த ஸ்கேனுக்குப் போனால், “அசையாமல் இருங்கள், மூச்சை இயல்பாக விடுங்கள்” என்பதோடு, ஏன் என்பதையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அசையாமல் படுப்பது சற்று எளிது.

செய்து பாருங்கள்: உடலின் தடிமன் 21 சென்டிமீட்டர் என்றால் எத்தனையால் பெருக்க வேண்டும்? (விடை: 8)